முன்னிலை இல்லாத பேச்சு

நம் அரசியல் பேச்சில் கண்ணியம் போய்விட்டது என்று வருத்தப்படுவது பழகிப்போன காரியமாகிவிட்டது. வருத்தப்படுகிறவர்கள் கையில் ஒரு பட்டியலும் இருக்கிறது. 1988 ஜனவரி 28: ஜானகி ராமச்சந்திரன் நம்பிக்கை வாக்குக் கோரிய நாள், சட்டமன்றத்துக்குள் போலீஸ் தடியுடன் நுழைந்தது. 1989 மார்ச் 25: நிதிநிலை அறிக்கை படிக்கப்படும்போது கைகலப்பு, முதலமைச்சர் கருணாநிதியின் மூக்குக்கண்ணாடி உடைந்தது, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா கலைந்த தலையுடன் வெளியே வந்தார், யார் யாரைத் தொட்டார்கள் என்பதற்கு இன்றுவரை இரண்டு கதைகள். 2017 பிப்ரவரி 18: எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரிய நாள், ஸ்டாலின் கிழிந்த சட்டையுடன் வெளியே வந்தார். பட்டியல் முடிந்ததும் ஒரு பெருமூச்சு. பிறகு, "அந்தக் காலத்தில் ராஜாஜி, அண்ணா..."

இந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. சட்டை கிழிந்ததைப் பற்றிய துக்கத்தில், அன்று அங்கே எது பேசப்பட வேண்டியிருந்தது என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை. கண்ணியம் என்று ஒன்றும் முதிர்ச்சி என்று ஒன்றும் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. ஒருவரை ஒருவர் 'மாண்புமிகு' என்று விளித்துக்கொண்டே இரண்டு பேர் சிறுபிள்ளைகளாகப் பேசிவிட முடியும். அதேபோல, மிகக் கரடுமுரடான வார்த்தையில் ஒரு முழு மனிதன் இன்னொரு முழு மனிதனோடு பேசியதும் நம்மிடமே உண்டு. அண்ணாதுரை தன் கட்சிக்குக் கொடுத்த மூன்று சொற்கள் கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. மூன்றும் 'க'வில் தொடங்குவது தற்செயல் இல்லை. மோனைக்காக வந்து உட்காரும் சொல்லுக்கு என்ன எடை இருக்க முடியும் என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு.

சந்தேகம் ஸ்தூலமான உருவம் எடுத்தது 2024 ஜூனில், என் ஊரில்.

ஜூன் 18 மாலை கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு இரவுக்குள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். மெத்தனால். மறுநாள் முதல் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு ஆஸ்பத்திரிகளிலிருந்து கணக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 60க்கு மேல் போயிற்று. பெண்களும் அதில் உண்டு. பெரும்பாலோர் தினக்கூலிகள், தலித்துகள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. சாராயம் விற்ற இடம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து போகிற தூரம்.

பேரவை ஜூன் 20 அன்று கூடி, இரங்கல் தெரிவித்து, ஒத்திவைக்கப்பட்டது. 21ஆம் தேதியிலிருந்து அ.தி.மு.க. உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். கேள்வி நேரத்தை ஒத்திவைத்து இதைப் பேச வேண்டும் என்றார்கள்; கேள்வி நேரத்துக்குப் பிறகு பேசலாம் என்றார்கள் மறுபக்கத்தில். கோஷம், வெளியேற்றம். அடுத்தடுத்த நாட்களிலும் கோஷம், வெளியேற்றம். 26ஆம் தேதி அவர்கள் கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 27ஆம் தேதி எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தில் உண்ணாவிரதம். 29ஆம் தேதி, பிரதான எதிர்க்கட்சி இல்லாத அவையில், மதுவிலக்குத் திருத்தச் சட்டம் நிறைவேறியது: மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். பத்து நாட்களில் எல்லாம் முடிந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தப் பத்து நாட்களில் யார் சட்டையும் கிழியவில்லை. கண்ணாடி உடையவில்லை. பட்டியல்காரர்களின் அளவுகோலில் இது அப்படியொன்றும் மோசமான கூட்டத்தொடர் இல்லை. எனக்கோ 1989ஐவிட இது மோசமாகப் படுகிறது. அன்று அடித்துக்கொண்டவர்கள், பேச்சு நின்றுவிட்டது என்பதையாவது மறைக்கவில்லை. இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதான பாவனை இருந்தது. உங்கள் ஆட்சியில் நடக்கவில்லையா, எங்கள் ஆட்சியில் இப்படியா, நீங்கள் முதலைக் கண்ணீர் வடிக்கிறீர்கள், நீங்கள் பிண அரசியல் செய்கிறீர்கள், இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம், தார்மீகப் பொறுப்பேற்று விலகுங்கள். இவற்றில் ஒன்றுகூட அந்த வாரத்துக்காகப் பிறந்த வாக்கியம் இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே சாவு நடந்தபோது இதே வாக்கியங்கள்தாம் வந்தன. ஆர்வெல் 1946ல் எழுதிய அந்தக் கட்டுரை பி.ஏ. ஆங்கிலம் படித்த பலருக்கும் பாடமாக வந்திருக்கும். அவர் அங்கலாய்த்தது வசைமொழிக்காக அல்ல. தயாராகக் கிடைக்கும் சொற்றொடர்களை எடுத்துக் கோத்துக்கொண்டே போகிறவனுக்கு யோசிக்க வேண்டிய சிரமம் மிச்சமாகிறது என்பதுதான் அவர் புகார். பரீட்சைக்காக அதை உருப்போட்டவர்களில் நானும் ஒருவன். கோமுகிக் கரையில் நின்றபோதுதான் அது என் ஊரைப் பற்றிய கட்டுரையும் என்று பட்டது.

தமிழ் இலக்கணத்தில் பேச்சுக்கு மூன்று இடங்கள்: தன்மை, முன்னிலை, படர்க்கை. சட்டமன்ற சம்பிரதாயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உறுப்பினர் எவரும் இன்னொரு உறுப்பினரைப் பார்த்துப் பேசக்கூடாது. பேரவைத் தலைவரைப் பார்த்துப் பேச வேண்டும். அதாவது முன்னிலை ஒருவர்தான். எதிரி எப்போதும் படர்க்கை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு என்றாலும் கெட்டிக்கார ஏற்பாடு. 'நீ திருடன்' என்று சொல்வதற்கும் 'அவர் சொன்ன கணக்கு சரியில்லை' என்று மூன்றாவது ஆளிடம் முறையிடுவதற்கும் இடையில் கோபம் கொஞ்சம் ஆறியாக வேண்டும். ஆறுகிற அந்த நேரத்தில் ஒரு காரணம் தோன்றவும் கூடும். நம்மவர்கள் இந்தச் சம்பிரதாயத்தில் 'பேரவைத் தலைவர் அவர்களே' என்ற விளியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதை உதட்டில் வைத்துக்கொண்டு எதிரியை முன்னிலையாக்கினார்கள். அதைவிட விபரீதம், உண்மையில் முன்னிலையாக இருக்க வேண்டியவன் படர்க்கைக்குப் போனது. 'ஏழை எளிய மக்கள்', 'அப்பாவி மக்கள்.' கருணாபுரம் அந்த வாரம் முழுக்கப் படர்க்கையில்தான் இருந்தது. அதைப் பற்றிப் பேசினார்கள். அதனிடம் யாரும் பேசவில்லை.

வள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இல்லறவியலில். வீட்டுக்கு வருகிறவனோடும் அண்டை அயலோடும் பேசுகிற இடத்தில். பொருட்பாலில், அமைச்சியலில், அவர் வைப்பது சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை. அவையில் இனிமையாகப் பேசு என்று தனி அதிகாரம் இல்லை. எதிரில் இருப்பவன் யார், அவனுக்கு எது புரியும், எதைத் தாங்குவான் என்று தெரிந்துகொண்டு பேசு என்பதுதான் அங்கே கேட்கப்படுகிறது. கண்ணியத்தின் பெயரால் அழுகிறவர்கள் வீட்டு விஷயத்தை அவைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 29 விவாதத்தில் துரைமுருகன் ஒன்று சொன்னார். உழைத்துக் களைத்தவனுக்கு அரசு விற்கும் மது போதவில்லை, அது அவனுக்குக் குளிர்பானம் மாதிரி இருக்கிறது, 'கிக்' தேடித்தான் அவன் கள்ளச்சாராயத்துக்குப் போகிறான் என்ற பொருளில். மறுநாள் பத்திரிகைகளிலிருந்து டீக்கடைவரை சிரிப்பும் கண்டனமும். மூத்த அமைச்சர் பேசுகிற பேச்சா என்றார்கள். நான் படித்தவரையில், அந்தக் கூட்டத்தொடரில் குடிப்பவனின் உடம்பைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கியம் அதுதான். அது அரைகுறையானது. காசு என்கிற பாதியை அது விட்டுவிட்டது: டாஸ்மாக் குவார்ட்டர் வாங்க முடியாதவனுக்குத்தான் பாக்கெட். ஆனாலும் விஷயத்துக்குப் பக்கத்தில் வந்த வாக்கியம். பதில் சொல்லத் தெரிந்த அவையாக இருந்திருந்தால் யாராவது எழுந்து, கூலிக்காரனின் முதுகுவலிக்கு இந்த அரசாங்கத்திடம் சாராயத்தைத் தவிர வேறு மருந்து உண்டா என்று கேட்டிருக்கலாம். ஆலைகளுக்குப் போக வேண்டிய மெத்தனால் எந்தக் கையெழுத்தின் கீழ் எங்கள் தெருவுக்கு வந்தது என்று கேட்டிருக்கலாம். அநாகரிகம் என்று முகம் சுளித்ததோடு சரி. கண்ணியம் இந்த இடத்தில் செய்த வேலை, ஒரு கேள்வியை மூடியது.

கருணாபுரமாவது படர்க்கையில் இருந்தது. கல்வராயன் மலை அதிலும் இல்லை. கள்ளச்சாராயச் சாவு எங்கே நடந்தாலும் எங்கள் பக்கத்தில் அடுத்த நாள் செய்தி ஒன்றுதான்: மலையில் சோதனை, இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு. கருணாபுரத்தில் கொன்றது மலையில் காய்ச்சியது அல்ல, கீழே கலந்த ரசாயனம் என்பது எல்லோருக்கும் தெரிந்தும் பேரல்கள் உருட்டப்பட்டன, போட்டோ எடுக்கப்பட்டது. வெல்லமும் கடுக்காயும் ஊறிய பேரல் போட்டோவுக்குப் பொருத்தமானது. மெத்தனாலுக்கு அந்த முகவெட்டு கிடையாது.

இந்த மலைக்கு ஒரு அரசியல் சரித்திரம் உண்டு. அதை இங்கே இரண்டு வரியாவது சொல்ல வேண்டும். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்த பூமி இது. ஜாகிர்களை ஒழிக்கச் சட்டம் வந்த பிறகும் வழக்குகளில் இழுபட்டு, 1976ல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்து 29 வருஷம் கழித்து. கல்வராயன்மலை என்று தனித் தாலுகா ஆனது 2019ல், கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது. கருணாபுரத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில், மலைவாசிகளின் வாழ்நிலைமை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேட்டது. அந்தக் கேள்விகள் முதலில் எழ வேண்டிய கூரை வேறு. நவம்பரில் கருணாபுரம் வழக்கு விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியதும் நீதிமன்றம்தான். சட்டமன்றம் கத்திவிட்டுக் கலைந்தது. பேச வேண்டியதை நீதிபதிகள் பேசினார்கள். நீதிபதிகளிடம் பேசுகிறவன் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது ஒரு வித்தியாசம்.

ஒரு விஷயத்தை என் தொழிலிலிருந்து சொல்ல இடம் கேட்கிறேன். செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று அறிவித்ததோடு, தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம், 18 வயதுவரை வைப்புத் தொகை என்றும் அரசு அறிவித்தது. அறிவிப்புக்குப் பிந்திய நாட்களில் ஒரு அம்மாள் எங்கள் கவுண்டருக்கு வந்தார். பணம் எடுக்கவோ போடவோ இல்லை, விசாரிக்க.

"பதினெட்டு ஆவுறவரைக்கும் தொடவே முடியாதா சார்?"

"முடியாதும்மா. பையன் பேருல இருக்கும். வட்டி சேரும்."

"அதுவரைக்கும் இந்த பேங்க் இருக்குமா?"

இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் நின்றிருந்தார். "அந்தப் பேப்பர்ல எல்லாம் எழுதியிருக்குமில்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வைப்புத் தொகையின் கெடு முடிவதை எங்கள் பாஷையில் முதிர்வு என்போம். முதிர்வுத் தேதி, முதிர்வுத் தொகை. அந்த ரசீதில் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது. இன்னார் இன்னாருக்கு இன்ன நாளில் இன்னது தருவதாக எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. சொல்லப்போனால் அந்த ஜூனில் அரசாங்கம் எழுதியவற்றிலேயே முன்னிலை உள்ள உரைநடை அதுதான். ரசனைக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் சட்டமன்றப் பேச்சை நம்பவில்லை, வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அப்படியென்றால் எப்போதுமே நம்மிடம் பேச்சு இல்லாமல் இருந்ததா? மதுவை வைத்தே பார்க்கலாம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் ஜில்லாவில். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம். கிழக்குச் சரிவு அன்றைய தென்னாற்காடு. அந்த வருஷம் மலைக்கு ஒரு பக்கம் விலக்கு, மறுபக்கம் கடை. ராஜாஜியின் தீர்மானம் சரியா தப்பா என்பது வேறு. சாராயத்தில் போகும் வருமானத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியிலிருந்து அவர் நழுவவில்லை. 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார், அதற்கான ஏச்சையும் வாங்கிக்கொண்டார். மறுபக்கத்தில் பெரியார். காங்கிரஸ்காரராக இருந்தபோது கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர். அவரே பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஒருவன் குடிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்த முடியுமா, நிறுத்துவது அரசின் வேலையா, அதற்கு ஆகும் செலவு யார் தலையில் என்று கேட்டார். பெரியாரின் மேடைமொழியில் கண்ணியத்தைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கொச்சை, வசை, கூட்டத்தையே திட்டுவது எல்லாம் உண்டு. ஆனால் நான் சொல்வதற்காக நம்பாதே, உன் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்று எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். தன்னை மறுக்கக்கூடிய ஒருவனாகக் கேட்பவனை நினைத்துப் பேசினார். ராஜாஜியும் அப்படித்தான், வேறு பாஷையில். 1971ல் கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைக்கப் போகிறது என்றபோது, 90 வயதைக் கடந்த ராஜாஜி முதலமைச்சரின் வீடு தேடிப்போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் இறந்தபோது மயானத்தில் பெரியார் அழுதார். இதைக் கண்ணியத்துக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது: தன்னோடு விஷயத்தைப் பேசக்கூடிய ஆள் ஒருவர் போய்விட்டார் என்று ஒரு கிழவர் அழுதார்.

இடையில் நடந்தது என்ன என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டும். என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திராவிட இயக்கம், அதுவரை எந்த அவையிலும் கேட்பவனாகக்கூட அனுமதிக்கப்படாத லட்சக்கணக்கானவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தது. சலூனிலும் படிப்பகத்திலும் பத்திரிகை உரக்க வாசிக்கப்பட்டது. இது சாதாரண சாதனை இல்லை. நம் சிறுபத்திரிகைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கியே வந்திருக்கிறார்கள். ஆனால் அப்படி உட்காரவைக்கப்பட்டவன் அண்ணாவின் தலைமுறையில் ரசிகன் ஆனான். எதுகையை ரசித்தான், சிலேடையை ரசித்தான், எதிரியை மடக்கியதை ரசித்தான். ரசிகனிடம் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாடகமும் சினிமாவும் மேடையும் ஒரே ஆட்களின் கையில் இருந்ததால் இது வெகு இயல்பாக நடந்தேறியது. காளமேகம் வசை பாடியவன்தான். ஆனால் அவன் வசையை வைத்து வரவு செலவுத் திட்டம் போடவில்லை. 1969ல் அண்ணா மறைந்து ஊரே அழுதுகொண்டிருந்தபோது ஜெயகாந்தன் ஒரு கூட்டத்தில் அவரைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். இறந்தவரைப் பற்றி இப்படியா என்ற கேள்வி அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. அநாகரிகமாகவே இருக்கட்டும். கூட்டத்தின் கைதட்டலை எதிர்பார்க்காத பேச்சு அது, அந்த அளவில் எனக்கு மரியாதை உண்டு.

ரசிகன் எதுவரை போவான் என்பதை நான் பார்த்துமிருக்கிறேன். அந்த ஜூலையில் எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் ஒரு பேச்சாளர், எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, ஊரின் பெயரையும் கள்ளையும் சேர்த்து ஒரு சிலேடை செய்தார். நல்ல கைதட்டல். சாவு விழுந்த தெருக்களிலிருந்து லாரியில் வந்தவர்களும் தட்டினார்கள். மாசம் ஒன்றுதான் ஆகியிருந்தது.

இதே நேரத்தில் அமெரிக்காவில் ஒரு விவாதம் நடந்தது. இடைநீக்கம் ஜூன் 26. ராஜரத்தினம் மைதானம் 27. அட்லாண்டாவில் பைடனும் ட்ரம்பும் சந்தித்தது அந்த ஊர்க் கணக்கில் 27 இரவு, நமக்கு 28 விடிகாலை. பார்வையாளர்கள் கிடையாது. ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக் அணைக்கப்பட்டது. இடைநீக்கத்தின் மின்சார வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் இரண்டு கிழவர்கள் யார் கோல்ப் நன்றாக ஆடுவது என்பதில் வந்து நின்றார்கள். குழந்தைகள் மாதிரி நடந்துகொள்ள வேண்டாம் என்றார் ஒருவர். நீதான் குழந்தை என்றார் மற்றவர். அந்த நாட்டுக்காரர்களுக்கும் ஒரு பெருமூச்சு இருக்கிறது. அவர்களும் கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலின் உச்சியில் 1858ன் லிங்கன்-டக்ளஸ் விவாதங்கள். ஏழு ஊர்களில், ஊருக்கு மூன்று மணி நேரம்: ஒருவர் 60 நிமிஷம், மற்றவர் 90, மறுபடி முதலாமவர் 30. கூட்டம் நின்றுகொண்டு கேட்டது, நடுநடுவே கத்தியது. டக்ளஸ் பேச்சில் கறுப்பர்களைப் பற்றிய இழிமொழி தாராளம். லிங்கனும் இன்று நாம் நினைக்கிற லிங்கனாக எல்லா இடத்திலும் பேசிவிடவில்லை. ஆனால் 90 நிமிஷம் பேச வேண்டியவனுக்கு வசை பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு விஷயத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அவர்கள் பெருமூச்சில் சேராத ஒன்றும் உண்டு. 1836லிருந்து 1844வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு விதி இருந்தது: அடிமைமுறைக்கு எதிராக வரும் மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கி வைப்பது. சபையின் அமைதி கெடக்கூடாது என்பது நியாயம். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ், பிற்பாடு சாதாரண உறுப்பினராக அங்கே வந்து உட்கார்ந்தவர், எட்டு வருஷம் இதோடு மல்லுக்கட்டினார். அவரைப் பெரிய தொந்தரவாக நினைத்தார்கள். அமைதி காத்த அந்த எட்டு வருஷமும் அடிமைகள் விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு 1856ல் செனட் சபையிலேயே சார்ல்ஸ் ஸம்னர் கைத்தடியால் ரத்தம் வர அடிக்கப்பட்டபோது எல்லோரும் அநாகரிகத்தைக் கண்டு அதிர்ந்தார்கள். மூடிவைத்த விஷயம் தடியாக வெளியே வந்தது என்று யாரும் அவையில் சொன்னதாகத் தெரியவில்லை. நம்மிடம் 2023-24ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். இந்த எண்ணை மூடிவைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மதுவைப் பற்றி எத்தனை கண்ணியமாகவும் பேசலாம். 1983ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது ஒரு கட்சி, 2003ல் சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது அதே கட்சி, தொடர்ந்து நடத்தியது இரண்டும். அந்த எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்கினால் 'உங்கள் ஆட்சி', 'எங்கள் ஆட்சி' என்ற இரண்டு சொற்களுக்கும் வேலை இல்லாமல் போகும்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். முன்னூறு பேர் படிக்கிற பத்திரிகைகளில் நாம் நடத்திய சண்டைகளுக்குச் சட்டமன்றம் கைகட்டி நிற்க வேண்டும். பிரமிளும் வெங்கட் சாமிநாதனும் 'எழுத்து' காலத்தில் எப்படிச் சேர்ந்திருந்தார்கள், பின்னால் எப்படி எழுதிக்கொண்டார்கள் என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டைகளைத் தூக்கிப்பிடிப்பது என் நோக்கமில்லை. தனிமனிதனின் வீடு வாசல்வரை அவை போயிருக்கின்றன. ஆனால் அவர்கள் வசைக்கு நடுவில் ஒரு கவிதை இருந்தது, ஒரு நாவல் இருந்தது, அது நல்லதா இல்லையா என்ற கேள்வி இருந்தது. அந்தக் கட்டுரைகளிலிருந்து வசையை நீக்கினால் பாதியாவது மிஞ்சும். பின்னால் வந்த நம்மில் சிலர் வசையை மட்டும் பாணியாகக் கற்றுக்கொண்டோம். வேறு சிலர் அதற்குப் பயந்து, யாரையும் எதுவும் சொல்லாத மரியாதை மதிப்புரைகளுக்குப் போய்விட்டார்கள். புத்தக வெளியீட்டுக் கூட்டங்களில் நிலவும் கண்ணியத்தைப் பார்த்தால் எனக்குப் பேரவையின் இரங்கல் தீர்மானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சட்டப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாகப் பதிவாகின்றன. நீக்கப்பட்ட சொற்கள் நீங்கலாக எல்லாம் அவற்றில் இருக்கும். நாவலையும் கவிதையையும் வரிவரியாகப் படித்து விமர்சனம் எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் பத்துப் பேராவது இருக்கிறோம். 2024 ஜூன் கூட்டத்தொடரின் தொகுதியை ஒரு உரைநடை நூலாக எடுத்துக்கொண்டு, இதில் யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்த வாக்கியத்துக்கு எந்த வாக்கியம் பதில், எத்தனை வாக்கியங்களுக்குப் பதிலே இல்லை என்று பார்த்து யாராவது ஒருவர் இந்தப் பத்திரிகைக்கு மதிப்புரை எழுத வேண்டும். 29ஆம் தேதிப் பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.